ஆதாரில் ஒரு தேதி, டி.சி.யில் ஒரு தேதி: முதல் பாஸ்போர்ட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: ஐயா, நான் பட்டுக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் பிரசவம். நான் போய்த் துணைக்கு இருக்க வேண்டும். இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பள்ளிக்கூட டி.சி. இருக்கிறது, அதில் பிறந்த தேதி 14.6.1973. ஆதாரில் 1.1.1971 என்று இருக்கிறது. டி.சி.யில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர், "பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் வராது, பத்தாவது பாஸ் பண்ணாததால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள், எட்டாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மகளிடம் சொன்னால் உடனே பணம் அனுப்பிவிடுவாள். ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, எட்டாயிரம் ரூபாயை அவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் மனது ஒப்பாமல் போனதே சரி. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு, பத்து ஆண்டு செல்லுபடிக்கு, அரசு வாங்கும் கட்டணம் 1,500 ரூபாய். அதைத் தாண்டி ஒருவருக்குக் கொடுக்க வேண்டியது, விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பித் தருவதற்கான சிறு கூலி மட்டுமே. அவர் சொன்ன இரண்டு விஷயங்களும் உங்களுக்குப் பொருந்தாதவை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. உங்களிடம் உள்ள காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஆவணச் சரிபார்ப்பு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆவணம் குறைவாக இருப்பதால் திரும்பிப் போகிறவர்களைவிட, இருக்கும் ஆவணங்கள் ஒத்துப் போகாமல் திரும்பிப் போகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 26.1.1989 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தே ஆக வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2016 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, 1.10.2023 அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழே ஒரே ஆதாரம் என்று வைத்தார்கள். இந்த இரண்டையும் அரைகுறையாகக் கேட்டவர்கள் எல்லோருக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பேசித் திரிகிறார்கள். 1973-ல் பிறந்த உங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. கடைசியாகப் படித்த பள்ளி கொடுத்த மாற்றுச் சான்றிதழ், அதாவது உங்கள் கையில் இருக்கும் அந்த டி.சி., பிறந்த தேதிக்கு முறையாக ஏற்கப்படும் ஆவணம். அதைப் பத்திரமாக வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய உதவி. மடிப்பில் கிழிந்திருந்தால் பசை டேப் ஒட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள்.

வாக்காளர் அட்டையை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய வாக்காளர் அட்டைகளில் குறிப்பிட்ட ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியன்று வயது இத்தனை என்று மட்டும்தான் இருக்கும். அது பிறந்த தேதி ஆகாது.

அடுத்து அந்த இரண்டு தேதிகள். ஆதாரில் 1.1.1971 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ஊரில் முகாம் போட்டு ஆதார் எடுத்தபோது வயதைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு வயதைச் சொல்லியிருப்பீர்கள், அதைக் கணக்குப் போட்டு ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள். கிராமங்களில் லட்சக்கணக்கானவர்களின் பிறந்தநாள் இப்படித்தான் ஜனவரி 1 ஆனது. ஆவணம் எதுவும் காட்டாமல் வாய்மொழியாகச் சொன்ன தேதி அது. ஆதார் கடிதத்திலேயே, இது அடையாளத்துக்கான சான்று, குடியுரிமைக்கோ பிறந்த தேதிக்கோ சான்று அல்ல என்று இப்போது அச்சிடுகிறார்கள். ஆகவே எடை டி.சி.க்குத்தான்.

அதற்காக ஆதாரை அப்படியே விட்டுவிட்டு டி.சி.யோடு போய் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். முகவரிக்கும் அடையாளத்துக்கும் ஆதாரைத்தான் நீட்டப் போகிறீர்கள். ஒரே ஆளின் இரண்டு காகிதங்களில் இரண்டரை வருட வித்தியாசம் இருந்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கோப்பை நிறுத்தித்தான் வைப்பார். அது அவருடைய கடமை. எனவே விண்ணப்பத்துக்கு முன்பே ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும், பெயரை இரண்டு முறை. அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்காதீர்கள். ஆதார் சேவை மையத்துக்குப் போகும்போது எந்தெந்த ஆவணங்களை வைத்துத் தேதியைத் திருத்துவார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். உங்கள் பழைய டி.சி.யை ஏற்றுக்கொண்டால் அன்றே வேலை முடிந்தது.

ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். உங்கள் பிறப்பு பதிவாகியே இருக்கலாம், நீங்கள்தான் சான்றிதழ் வாங்காமல் இருந்திருப்பீர்கள். நம் மாநிலத்தில் கிராமங்களின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். நீங்கள் பிறந்த ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே ஆண்டு, ஊர், பெற்றோர் பெயர் சொல்லித் தேடச் சொல்லுங்கள். தாய்வீட்டில் பிறந்திருப்பீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் வளர்ந்த ஊரின் பதிவேட்டில் தேடிவிட்டு இல்லை என்று திரும்புகிறார்கள், பதிவு இருப்பது அம்மா பிறந்த ஊரில். அந்தக் காலப் பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'பெண்' என்று மட்டும் இருப்பதும் சகஜம். பதிவே இல்லை என்றால் காலதாமதமாகப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஓராண்டு கடந்த பிறப்புகளைப் பதிய மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு பெறலாம். ஆனால் அதற்கு நாளாகும். உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது, ஆகவே தேடும் வேலையை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

டி.சி.யில் உள்ள ஜூன் 14 நிஜத் தேதிதானா என்றும் உங்களுக்குள் ஒரு கேள்வி இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வர வேண்டும் என்று தலைமை ஆசிரியரே ஒரு தேதியை எழுதிக்கொண்டது உண்டு. பிறப்புப் பதிவேட்டில் வேறு தேதி கிடைத்தால் அதை மறைக்காதீர்கள். பதிவேட்டில் இருப்பதுதான் வலுவானது, எல்லாவற்றையும் அதன்படியே மாற்றிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் டி.சி. தேதியே உங்கள் தேதி. பாஸ்போர்ட்டில் ஒருமுறை அச்சாகிவிட்ட பிறந்த தேதியை மாற்றுவது, முதலில் சரியாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இப்போது பெயர். உங்கள் பெயரை இங்கே தமிழ்ச்செல்வி என்றும், அப்பா பெயரை முருகையன் என்றும், கணவர் பெயரை கோவிந்தராஜ் என்றும் மாற்றி வைத்துக்கொண்டு பேசுகிறேன். விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று 'கிவன் நேம்', இன்னொன்று 'சர்நேம்'. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள ஊர்களை மனதில் வைத்துச் செய்த படிவம் அது. நமக்கு இருப்பது நம் பெயரும் ஓர் எழுத்து இனிஷியலும் மட்டுமே. பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே நம் மாநிலத்தில் பெரும்பாலோர் செய்வதுபோல், முதல் கட்டத்தில் உங்கள் பெயரும் இரண்டாவதில் இனிஷியலின் விரிவும் வரட்டும்.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வரும். சிலர் அப்படி எடுத்துவிட்டுப் பின்னால் தவிக்கிறார்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஒற்றைப் பெயரைச் சர்நேம் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்தை அச்சிட்டுத் தருவார்கள். நீங்கள் போவது சிங்கப்பூருக்குத்தான் என்றாலும் பத்து வருடத்துக்கு எடுக்கும் பாஸ்போர்ட் இது. மகள் நாளைக்கு எந்த நாட்டில் இருப்பாளோ யாருக்குத் தெரியும்? இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள்.

எந்தப் பெயரை விரிப்பது, அப்பா பெயரையா, கணவர் பெயரையா? இரண்டுமே சட்டப்படி சரி. திருமணமானால் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கணவர் இறந்தபின் அப்பா பெயருக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் அதுவும் இல்லாத விதி. உங்கள் விஷயத்தில் என் யோசனை, கணவர் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இப்போது அவருடைய இனிஷியல்தானே இருக்கும்? அப்பா இனிஷியல் இருப்பது டி.சி.யில் மட்டும். ஒன்றுக்காக எல்லாவற்றையும் மாற்றுவதைவிட அந்த ஒன்றை விளக்குவது எளிது. விண்ணப்பத்தில் தந்தை பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அங்கே முருகையன் என்று வரும்போது டி.சி.யில் உள்ள 'மு' எதைக் குறிக்கிறது என்பது அதிகாரிக்குத் தானாகவே விளங்கும். கணவருடைய இறப்புச் சான்றிதழையும், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் கையோடு கொண்டு போங்கள். கேட்டால் மட்டும் காட்டினால் போதும். நீங்கள் கோவிந்தராஜின் மனைவி என்பதற்கு வாரிசுச் சான்றிதழைவிடத் தெளிவான காகிதம் கிராமத்தில் பெரும்பாலும் கிடைக்காது.

பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தீர்மானிக்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். மகளிடம் அவளுடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் தாய் பெயர் என்று உங்கள் பெயர் அச்சாகியிருக்கும். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் 'ழ்' வருகிறது, 'ச்செ' வருகிறது. அதை ஆதாரில் ஒருவர் 'இசட்-எச்' போட்டு எழுதியிருப்பார், ரேஷன் கார்டில் இன்னொருவர் வெறும் 'எல்' போட்டிருப்பார், 'ச்செ'வுக்கு ஒருவர் 'சி-எச்', மற்றவர் 'எஸ்'. கணவர் பெயரும் அப்படித்தான், ஓரிடத்தில் கோவிந்தராஜ், ஓரிடத்தில் கோவிந்தராஜன், இன்னோர் இடத்தில் கோவிந்தராஜு. நமக்கு இவையெல்லாம் ஒரே ஆள். விசா அலுவலகத்தின் கணினிக்கு மூன்று ஆட்கள். அங்கே நீங்கள் தாய், அவள் மகள் என்று காட்ட வேண்டியிருக்கும்போது, அவளுடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் உங்களுடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருந்தால் பேச்சே எழாது. மகளும் அப்பா பெயரையே சர்நேம் கட்டத்தில் போட்டிருந்தால் இருவருக்கும் ஒரே சர்நேம் அமையும். அது இன்னும் நல்லது. ஆதாரில் தேதியைத் திருத்தப் போகும்போதே பெயரையும் இதே எழுத்துகளில், இனிஷியலை விரித்து, திருத்திக்கொண்டுவிடுங்கள். இந்த ஒரு வேலை முடிந்தால் மீதியெல்லாம் சுலபம். அது முடியும்வரை விண்ணப்பத்தில் கை வைக்காதீர்கள்.

பத்தாவது பாஸ் பண்ணவில்லை, ஏர்போர்ட்டில் நிறுத்துவார்கள் என்று அவர் பயமுறுத்தியது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. இதைச் சொல்லித்தான் ஊர் ஊராகப் பணம் பறிக்கிறார்கள். விவரம் இதுதான். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஒரு முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கே போய் ஏமாந்து சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. சவூதி, குவைத், கத்தார், ஓமன், அமீரகம், மலேசியா போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் அதில் இல்லை. நீங்கள் வேலைக்கும் போகவில்லை. போதாததற்கு, 50 வயதைக் கடந்த எல்லோருக்கும் படிப்பு எதுவாக இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நீங்கள் 50-ஐத் தாண்டியவர். ஆகவே படிவத்தில் இந்தக் கேள்வி வரும்போது, கட்டுப்பாடு இல்லாத பிரிவுக்கு நீங்கள் தகுதியானவர் என்று குறிக்கலாம், அதற்கு வயதுச் சான்றே போதும். யாரிடமும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்யச் சொல்லிவிடாதீர்கள். பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பொய்த் தகவல் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பணம் வாங்கியவர் அப்போது உடன் இருக்க மாட்டார். கையெழுத்து உங்களுடையது.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளம் ஒன்றுதான் உண்மையானது. அதன் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதேபோலத் தோற்றமளித்து வேறு எழுத்துகளில் முடியும் தளங்கள் பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுபவை. 'எம்பாஸ்போர்ட் சேவா' என்ற கைபேசிச் செயலியிலும் இதே வேலையைச் செய்யலாம். மகள் சிங்கப்பூரில் இருந்தபடியே உங்களுக்காக நிரப்பிவிட முடியும், அவளுக்கு இது பழகிய காரியம். அவளால் முடியாவிட்டால் பக்கத்தில் உள்ள பொதுச் சேவை மையத்தில் நிரப்பச் சொல்லுங்கள். யார் நிரப்பினாலும் கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். புரோக்கர்கள் தங்கள் எண்ணையும் தங்கள் மின்னஞ்சலையும் போட்டு, பாஸ்வேர்டையும் தாங்களே வைத்துக்கொள்வார்கள். அதன்பின் அலுவலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் அவர்களுக்குத்தான் போகும். உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே நீங்கள் அவர்களிடம் போய் நிற்க வேண்டிவரும்.

நிரப்பும்போது இரண்டு இடங்களில் கவனம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இப்போது குடியிருக்கும் ஊரைப் போட்டுவிடுவார்கள், பிறந்த ஊர்தான் வர வேண்டும். நீங்கள் மன்னார்குடி பக்கம் பிறந்திருந்தால் அன்றைக்கு அது தஞ்சாவூர் மாவட்டம், இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். இதற்காகக் குழம்ப வேண்டாம், பாஸ்போர்ட்டின் பக்கத்தில் ஊரும் மாநிலமும்தான் அச்சாகும். திருமண நிலை என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி, கணவர் காலமானவர் என்ற பிரிவைக் குறியுங்கள். பணம் கட்டுவதற்கு முன் முழுப் படிவத்தையும் ஒருமுறை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம், உங்கள் பெயர்.

கட்டணம் செலுத்தியதும் நேரம் ஒதுக்கித் தருவார்கள். உங்களுக்குப் பக்கம் தஞ்சாவூரில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையம். அது திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. தபால் நிலையங்களிலும் இதேபோன்ற மையங்கள் 2017 முதல் நடக்கின்றன, எது முன்னதாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குப் போக முடியாமல் போனால் பணம் போய்விடாது, ஓராண்டுக்குள் மூன்று முறை வரை நாளை மாற்றிக்கொள்ள முடியும்.

மையத்துக்குள் உங்களை மட்டும்தான் விடுவார்கள். உடன் வருபவர் வெளியே இருக்க வேண்டும். இதைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும், தெரியும். உள்ளே இருப்பவர்கள் தமிழில் பேசுவார்கள். மூன்று கவுன்ட்டர்கள். முதலாவதில் காகிதங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள், நீங்கள் போட்டோ கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டாவதில் ஓர் அதிகாரி அசலை எல்லாம் சரிபார்ப்பார். மூன்றாவதில் இன்னோர் அதிகாரி பாஸ்போர்ட் வழங்கலாமா என்று முடிவு செய்வார். அசல் எல்லாம் உங்களிடமே திரும்பி வந்துவிடும், நகல்கள் ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை வேண்டாம், படத்தின் பின்னணியும் வெள்ளை. அடர்ந்த நிறத்தில் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். போவதற்கு இரண்டு வாரம் முன்பிலிருந்தே விரலில் மருதாணி வேண்டாம், ரேகை விழாது. நடவு, களையெடுப்பு என்று வயல்வேலை செய்யும் கை என்றால் ரேகை தேய்ந்திருக்கும். சில நாள் கைகளுக்கு எண்ணெய் தடவி வாருங்கள், அன்று காலையில் மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். கையெழுத்தைத் தமிழில் போடுங்கள். ஆங்கிலத்தில் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பழக்கமில்லாத எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் பிறகு அதே மாதிரி மறுபடி போட முடியாமல் தடுமாறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் எப்படிப் போடுகிறீர்களோ அதுவே இங்கேயும்.

அதிகாரி கேட்பது சாதாரணக் கேள்விகள்தான். எங்கே பிறந்தீர்கள், எங்கே படித்தீர்கள், எதற்காகப் போகிறீர்கள். மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொல்லுங்கள். அதில் மறைக்க எதுவும் இல்லை. ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது என்று நிறுத்தி வைத்தால், என்ன குறை என்பதை எழுதித் தரும் சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தக் காகிதத்தோடு மறுபடி போகலாம், திரும்பப் பணம் கட்ட வேண்டியதில்லை.

தட்கலில், அதாவது அவசரமாக வாங்கும் முறையில், போடலாமா என்று உங்கள் மகள் கேட்பாள். அதற்கு 2,000 ரூபாய் கூடுதல், ஆக 3,500. மூன்று அடையாள ஆவணங்கள் கேட்பார்கள். போலீஸ் விசாரணை பெரும்பாலும் பாஸ்போர்ட் வந்த பிறகு நடக்கும் என்பதால் சீக்கிரம் கிடைக்கிறது. ஆனால் ஆவணங்களில் உள்ள முரணைத் தட்கல் தீர்க்காது, அதே மேசையில் அதே கேள்விதான் வரும். ஐந்து மாதம் கையில் இருக்கும்போது உங்களுக்கு அது தேவையில்லை. ஆதார் திருத்தம் எதிர்பாராமல் இழுத்து, பிரசவத்துக்கு ஒரு மாதமே மிச்சம் என்று ஆனால் அப்போது யோசியுங்கள்.

சாதாரண முறையில் மையத்துக்குப் போய் வந்த பிறகு போலீஸ் சரிபார்ப்பு. கிராமத்தில் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கவலை இருக்கும். பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பாஸ்போர்ட்டுக்காக வருவார்கள் என்று. உங்கள் மீது வழக்கு உண்டா, இந்த நாட்டுக் குடிமகள்தானா என்பதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்குப் போய்த் தங்கிவிடாதீர்கள். வீடு பூட்டிக் கிடந்தால் இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விடும், அதைத் திருத்த அலைய வேண்டிவரும். இந்தச் சரிபார்ப்புக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. டீ செலவு, பெட்ரோல் செலவு என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பதற்காக அது முறையாகிவிடாது. மரியாதையாக, கட்டணம் ஆன்லைனில் கட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்கலாம்.

இடையில் எந்தச் சந்தேகம் வந்தாலும் 1800-258-1800 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். பிரவுசிங் சென்டரில் கேட்பதைவிட அது நல்லது.

பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வீட்டுக்கே வரும். தபால்காரர் அடையாளம் கேட்பார், ஆதாரைத் தயாராக வைத்திருங்கள். இப்போது வருவது அட்டைக்குள் சிப் பதித்த மின்னணுப் பாஸ்போர்ட்டாக இருக்கும், சென்னையில் 2025 மார்ச்சில் இவற்றை வழங்கத் தொடங்கினார்கள். அட்டையை மடக்கவோ, லேமினேட் செய்யவோ, ஸ்டேப்ளர் பின் அடிக்கவோ கூடாது. பிரித்ததும் பெயர், தேதி, பிறந்த ஊர், கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், கணவர் பெயர்கள், எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே திருச்சி அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

சரியாக இருந்தால் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து மகளுக்கு அனுப்புங்கள். சிங்கப்பூருக்கு விசா தனியாக வாங்க வேண்டும். பயணத்தின்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. புதிதாக எடுக்கும் உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. எத்தனை நாள் தங்க அனுமதி கிடைக்கும் என்பது அங்கே இறங்கும்போது குடிநுழைவு அதிகாரி முடிவு செய்வது. ஆகவே பிரசவத் தேதிக்கு வெகு முன்னதாகப் போய் இறங்கி, குழந்தை பிறந்த கையோடு கிளம்ப வேண்டிய நிலை வந்துவிடாமல், டிக்கெட் போடும் நாளை மகளும் மருமகனும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.